தீபாவளிக்குப் பதினைந்தாம் நாள்

ரேஸ் கோர்ஸ் ரோடு, சிங்கப்பூர்
14.11.1958

அன்புத் தம்பி மருதப்பனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீங்கள் மூவரும் குளுவாங் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ரப்பர் தோட்டத்துக்கும் சுகமாகப் போய்விட்டீர்களா என்று உன் அத்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கார்டாவது போடக்கூடாதா? இங்கே நாங்கள் நால்வரும் சுகம்.

நீங்கள் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. ராஜு வாசலில் நின்றுகொண்டு "கோமி, கோமி" என்று கூப்பிடுகிறான். தீபாவளிக்கு நீங்கள் இங்கே இருந்த மூன்று நாளும் அவள் இடுப்பைவிட்டு அவன் இறங்கினானா? சாப்பிட்டதும் அவள் தட்டில்தான். கோமளத்துக்குக் காய்ச்சல் விட்டதா? தொண்டை வலி என்று அந்தப் பிள்ளை தீபாவளிப் பலகாரம்கூடச் சரியாகத் தின்னவில்லை. பாக்கியத்திடம் கேட்டு எழுது.

இன்னொரு விஷயம். நேற்று ஒரு வேன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தது. சீனத்தில், மலாயில், கடைசியில் தமிழில் சொன்னார்கள். இளம்பிள்ளை வாதம் ஊரில் பரவுகிறதாம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் வாயில் ஊற்றுகிற மருந்து கொடுக்கிறார்களாம். பக்கத்து வீட்டு ஜைனப்பை உனக்குத் தெரியுமே, இரட்டைப் பிள்ளை வைத்திருப்பவள். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு லா மருந்து? நோய் வந்தாத்தானே குடுப்பாங்க?" என்று கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த நோயின் கிருமியை வைத்தே மருந்து செய்கிறார்கள் என்று உன் அத்தான் பஸ்ஸில் யாரோ பேசக் கேட்டிருக்கிறார். அது நிஜமா? நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். ஊசியும் மருந்துமாக இருக்கிறவன். நீ சொன்னால் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா சிவகாமசுந்தரி


குளுவாங்
18.11.1958

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

மருதப்பன் எழுதுவது. வந்து சேர்ந்ததற்குக் கடிதம் போடாதது என் தப்புதான். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கொஞ்சம் அதிகம். பாக்கியம் சுகம். கோமளத்துக்கு வந்த மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது கொய்யா மரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாள்.

மருந்தைப் பற்றிக் கேட்டாய். அத்தான் கேட்டது நிஜம்தான், பயப்பட வேண்டாம். கிருமியைப் பலவீனமாக்கி, நோய் உண்டாக்காதபடி செய்து கொடுக்கிறார்கள். உன் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். உடம்புக்கு எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பது. பிறகு நிஜமான எதிரி வந்தால் உடம்பு உடனே அடையாளம் கண்டு அடித்து விரட்டிவிடும். அதனால்தான் நல்லா இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். வந்தபின் கொடுத்துப் பயனில்லை. ஜைனப்பிடம் இதைச் சொல்.

இன்னும் ஒன்று. இந்த நோய் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போய்த்தான் உயிர் வாழ்கிறது. தெருவில் பெரும்பாலான பிள்ளைகள் மருந்து குடித்துவிட்டால் அதற்குப் போக இடம் இருக்காது. குடிக்காத கைக்குழந்தைக்கும் அதில் காவல் உண்டு. ஆகவே நம் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதே, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ.

எங்கள் தோட்டத்துக்கு இந்த மருந்து வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருக்கும்.

லீலா, ராஜு இரண்டு பேருக்கும் கட்டாயம் கொடு. நான் பொறுப்பு.

உன் தம்பி
மருதப்பன்


ரேஸ் கோர்ஸ் ரோடு
2.12.1958

தம்பி,

சுகம் கேட்டு எழுத வேண்டும். கை வரவில்லை. ராஜுவுக்கு இடது கால் விழுந்துவிட்டது.

நீ எழுதியபடி இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெரிய வரிசை. ஒரு கரண்டி மருந்துதான். இனிப்பாக இருக்கிறது என்று லீலா இன்னொரு கரண்டி கேட்டாள். ராஜு பாதியைத் துப்பிவிட்டான். சீன நர்ஸ் சிரித்துக்கொண்டே "தாப்பா, தாப்பா" என்று, பரவாயில்லை என்று சொல்லி, மறுபடி ஊற்றினாள். அப்போதே அழைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல். தீபாவளி கழிந்து சரியாகப் பதினைந்தாம் நாள். சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டேன். வியாழக்கிழமை காலை கட்டிலிலிருந்து இறக்கி விட்டேன். நின்றான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடம்பிடிக்கிறான் என்று நினைத்து, "எழுந்திருடா, அம்மாவுக்கு வேலை கிடக்கு" என்று அதட்டினேன். கையைப் பிடித்துத் தூக்கினேன். வலது கால் ஊன்றியது. இடது கால் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. நான் அதட்டியபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தம்பி.

ஆஸ்பத்திரியில் தனி வார்டில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். உள்ளே விடுவதில்லை. உன் அத்தான் பஸ் வேலையிலிருந்து யூனிபாரத்தோடு நேரே வருகிறார், கண்ணாடியில் கை வைத்து நிற்கிறார், மறுபடி பஸ்ஸுக்குப் போகிறார்.

ஒன்று சொல். நோய் வராமல் இருக்கத்தானே கொடுத்தேன்? கொடுத்த நாலாம் நாள் வந்துவிட்டதே. கிருமியைத்தான் கொடுக்கிறார்கள் என்று நீயே எழுதினாய். அப்படியானால் நானே என் கையால் வாய் திறந்து ஊற்றச் சொன்னேனா? லீலா அதே மருந்தைக் குடித்துவிட்டு நன்றாக ஓடுகிறாளே, அது எப்படி? நீ பொறுப்பு என்று எழுதியிருந்தாய். சண்டைக்காகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்கிறேன்.

சிவகாமசுந்தரி


குளுவாங்
6.12.1958

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் பாக்கியம்தான் முதலில் படித்தாள். என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. ராஜுவின் காய்ச்சல் இறங்கிவிட்டதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று உடனே எழுது. மூச்சு சீராக இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. கால் போகப்போகக் கொஞ்சம் திரும்பலாம், தேய்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

நீ உன் கையால் கொடுத்தது அந்த நோயை அல்ல. இதை மட்டும் நம்பு. இந்த நோய் உள்ளே நுழைந்து காய்ச்சலாக வெளியே வரப் பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள் ஆகும். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரமும் ஆகும். மருந்து உடம்புக்குக் காவல் கொடுக்கவும் சில நாள் வேண்டும். ராஜு வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றபோதே நோய் அவனுக்குள் இருந்திருக்கிறது. மருந்து பிந்தி வந்துவிட்டது. அவ்வளவுதான். ஏறக்குறைய அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, எங்கிருந்தோ

வார்டில் கூப்பிடுகிறார்கள். லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன்.

மருதப்பன்


ரேஸ் கோர்ஸ் ரோடு
11.12.1958

தம்பி மருதப்பனுக்கு,

ராஜுவுக்கு மூச்சு சீராக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. கால் அப்படியேதான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தால் முதலில் அழுதுகொண்டிருந்தான், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அழுததே தேவலை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டாய். எங்கிருந்தோ என்றால் எங்கிருந்து? நானும் காலண்டரை வைத்துக்கொண்டு நாள் எண்ணினேன். அந்த நாட்களில் நாங்கள் எங்கும் போகவில்லை. தண்ணீர் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். தேக்கா மார்க்கெட்டுக்குக்கூட அவனைத் தூக்கிப் போகவில்லை, தீபாவளிக் கூட்டம் என்று. எங்கள் வீட்டு வரிசையில் எந்தப் பிள்ளைக்கும் கால் விழவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் என்று பார்த்தால் நீங்கள்தான். உன் கோமளம் மரம் ஏறுகிறாள் என்று நீயே எழுதினாய். அவளுக்குத்தான் காலில் ஒன்றும் இல்லையே. அப்புறம் மிச்சம் என்ன? அந்தக் கரண்டிதான்.

ஜைனப் வந்து கேட்டாள். "அக்கா, நாளைக்கு ரெண்டையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். நான் ராஜுவின் காலி கட்டிலைக் காட்டினேன். அவள் போகவில்லை. அதன் பிறகு வரிசையில் ஒருத்தரும் போகவில்லை. வேன் மறுபடி வந்தபோது பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நான் செய்தது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பகலெல்லாம் மனம் ஒரு நிலையில் இல்லை. நீ எப்போது வருகிறாய்?

அக்கா


ரேஸ் கோர்ஸ் ரோடு
29.12.1958

தம்பிக்கு,

நான் எழுதிப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. கடிதமும் இல்லை, நீயும் இல்லை. உனக்கு ஏதும் உடம்புக்கா? பாக்கியம், கோமளம் சுகமா? லீவு கிடைக்கவில்லை என்றாலும் ஒரு வரி எழுத முடியாதா? எனக்கு ஒரே தம்பி நீ. உன் பேச்சை நம்பித்தான் எதையும் செய்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ராஜுவின் மலத்தை எடுத்துப் போய்ப் பார்த்தார்களாம். இன்று தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் விளக்கிச் சொன்னார். இந்த நோயில் மூன்று வகை உண்டாம். ராஜுவிடம் இருப்பது முதல் வகை. அன்று ஊற்றிய மருந்து இரண்டாம் வகையிலிருந்து செய்ததாம். "அதனால மருந்தால வரலைம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க," என்றார். நான் கேட்டேன், "ஊரில் முதல் வகை பரவுதுன்னா எதுக்குங்க இரண்டாம் வகையைக் குடுத்தீங்க?" அவர் ஏதோ சொன்னார். குடல், இடம், ஒன்று இருந்தால் மற்றது வராது என்று. எனக்குத் தலை சுற்றியது. உன் அத்தானுக்கும் புரியவில்லை. திருடன் ஒருத்தன் இருக்க இன்னொருத்தன் படத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

மருந்தால் இல்லை என்றால் கேள்வி மறுபடி முதலுக்கே வருகிறது. எங்கிருந்து வந்தது? யாரிடம் கேட்பது? நேற்று ஜைனப்பின் சின்னவளுக்குக் காய்ச்சல். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் பிள்ளையின் இரண்டு காலையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தேன். இன்று காலை உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டது. அந்தக் காய்ச்சல்தான். அப்பாடா என்று அவளும் நானும் அழுதோம். ஆனால் ஒரு நாள் முழுக்க, என் சொல்லைக் கேட்டதால்தான் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றோ என்று இருந்தேன். அந்த ஒரு நாளை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். எது நிஜம் என்று சொல்.

சிவகாமி


குளுவாங்
4.1.1959

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. லீவும் டிசம்பர் பத்தாம் தேதியே கிடைத்தது. குளுவாங் ஸ்டேஷன் வரை இரண்டு தடவை வந்து திரும்பிப் போனேன்.

முதலில் நர்ஸ் சொன்னதைச் சொல்கிறேன். எனக்கும் முழுதாகத் தெரியாது, டாக்டரிடம் கேட்டுப் புரிந்துகொண்டது. அத்தானிடம் இப்படிச் சொல். பஸ்ஸில் இருக்கையெல்லாம் நிரம்பிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் கை காட்டுகிறவனை ஏற்றுவதில்லை அல்லவா? அந்தக் கிருமி தங்கி வளருகிற இடம் குடல். நோய் தராத வகையை முன்பே அங்கே உட்காரவைத்துவிட்டால், கெட்டது வந்தாலும் உட்கார இடம் இருக்காது. அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். ராஜுவின் விஷயத்தில் கெட்டது முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டது.

எங்கிருந்து ஏறியது என்பதுதான் நீ கேட்டது. போன கடிதத்தில் அந்த வரியை எழுதும்போதே விரல் விட்டு எண்ணிவிட்டேன். அதனால்தான் பேனாவை வைத்துவிட்டேன். வார்டில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் உள்ள ஐந்தாம் லயத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கால் விழுந்தது. நான்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தப் பிள்ளையின் அக்காளும் கோமளமும் ஒரே குழாயடியில் விளையாடுகிறவர்கள். ரயிலில் ஏறியதுமே கோமளம் தொண்டை வலி என்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிடலாங்க," என்று பாக்கியம் சொன்னாள். சளிக்காய்ச்சல் என்றேன் நான். டிரெஸ்ஸர் சொன்னால் யார் மறுப்பது? மூன்று வருஷம் கழித்து அக்கா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகிறோம், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கோமளத்துக்குக் கால் நன்றாக இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். அக்கா, இந்த நோய் வருகிற நூறு பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் கால் விழும். மற்றதெல்லாம் நாலைந்து நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் மரம் ஏறும், ஓடும், தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துத் தன் தட்டிலிருந்து ஊட்டும். நோய் அவர்களிடமிருந்துதான் போகிறது.

நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. கோமளத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வேறு எங்காவது இருந்தும் வந்திருக்கலாம். ஆனால் நாள் கணக்கு பொருந்துகிறது. இதை உன்னிடம் சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ ஜைனப் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதியதற்குப் பிறகு முடியவில்லை. நான் வாய் திறக்காமல் இருப்பதால் உங்கள் வரிசையில் கதவைச் சாத்துகிறார்கள். மருந்தின் மேல் பழி போடாதே. என் மேல் போடு. அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்.

கோமளத்துக்கு இது தெரியாது. அவளிடம் மட்டும்...

மருதப்பன்


ரேஸ் கோர்ஸ் ரோடு
19.1.1959

மச்சினன் மருதப்பனுக்கு சேதுபதி எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ராஜுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். காலுக்கு இரும்புக்கம்பி வைத்த சப்பாத்து செய்து தருகிறார்கள். தினமும் காலைத் தேய்த்துவிட நர்ஸ் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை அவள் அடுப்படியில் நின்றபடியே படித்தாள். மடித்து அரிசி டின் மேல் வைத்தாள். நானும் எடுத்துப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் மேல் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜைனப் வீட்டுக் கதவைத் தட்டினாள். "கிளம்பு. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு," என்றாள். ஜைனப், "உங்களுக்கே அப்படி ஆயிருக்கு, எப்படிக்கா?" என்று கேட்டாள். "எனக்கும் முழுசா விளங்கல லா. ஆனா மருந்தால இல்லைன்னு தெரியும்," என்றாள் இவள். இரட்டையில் மூத்ததை இவளே தூக்கிக்கொண்டாள். மணல்வாரி போட்டவளுக்கு உடம்பு தேறியபின் கொண்டுவரச் சொன்னார்களாம். அதன் பிறகு வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போனாள். தாய்சேய் கிளினிக்கில் இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு பிள்ளைகள். போன வாரம் சின்னவளும் குடித்துவிட்டாள்.

ஆனால் உங்களுக்கு எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்கிறாள். கொஞ்ச நாள் நீங்களும் எழுத வேண்டாம். அவளாக எழுதட்டும்.

சேதுபதி


குளுவாங்
15.2.1959

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். அக்காவுக்கு எழுதவில்லை. உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிவிக்கவே இது. ராஜுவின் காலைத் தேய்க்கும்போது வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து முதலில் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். சூட்டைக் கையில் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாம் லயத்துப் பிள்ளை விஷயத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று தோட்டத்துத் துரை அப்போது சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். போன வாரம் ஜில்லா சுகாதார ஆபீசுக்கு நானே எழுதிப்போட்டேன். ஆள் வந்து குழாயடியையும் கக்கூஸ்களையும் பார்த்தார்கள். துரைக்கு என் மேல் கோபம். மருந்து இந்தப் பக்கம் எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அக்கா சாப்பிடுகிறாளா?

மருதப்பன்


குளுவாங்
8.3.1959

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

நான் கோமளம் எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள், மாமா, லீலா, ராஜு சுகமா? நான் இப்போது இரண்டாம் வகுப்பு. இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். அம்மா முகவரி எழுதித் தருவார். அப்பாவுக்குத் தெரியாது.

பொங்கலுக்கு நீங்கள் கடிதம் போடவில்லை. அப்பா தினமும் தபால் வரும் நேரத்தில் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். ராஜுவுக்குக் கால் நடக்க வராது என்று அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. ஒரு நாள் அப்பா அம்மாவிடம், "நம்மாலதான் அந்தப் பிள்ளைக்குக் கால் போச்சு," என்று சொன்னது எனக்குக் கேட்டது. நம்மால் எப்படி என்று யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது.

அத்தை, தீபாவளி அன்று நான் ராஜுவைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் இறங்கினேன். கை வழுக்கிக் கீழே போட்டுவிட்டேன். இடது பக்கமாக விழுந்தான். அழுதான். யாருக்கும் தெரியக்கூடாது என்று என் வாயில் இருந்த லட்டை எடுத்து அவன் வாயில் வைத்தேன். அழுகையை நிறுத்திவிட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் கால் போயிற்றா? அப்பாவுக்கு இது எப்படித் தெரிந்தது? அப்பா என்னை அடிக்கவில்லை. நீங்கள் அடிப்பதானால் வருகிறேன்.

ராஜு என் மேல் கோபமாக இருக்கிறானா?

இப்படிக்கு
ம. கோமளம்


ரேஸ் கோர்ஸ் ரோடு, சிங்கப்பூர்
19.3.1959

என் கண்ணு கோமளத்துக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கையெழுத்து குண்டுகுண்டாக நன்றாக இருக்கிறது. லீலாவிடம் காட்டி, உன்னைவிடச் சின்னவள் எப்படி எழுதியிருக்கிறாள் பார் என்றேன். இங்கே எல்லோரும் சுகம். ராஜுவும் சுகமாகத்தான் இருக்கிறான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ராஜுவுக்குக் கால் போனது உன்னால் இல்லை. படியில் விழுந்ததாலும் இல்லை. பிள்ளைகள் விழும், எழுந்திருக்கும். லீலா அந்தப் படியில் எத்தனை தடவை விழுந்திருக்கிறாள் தெரியுமா? உன்னால் இல்லை, உன் அப்பாவால் இல்லை, லட்டு கொடுத்ததாலும் இல்லை. அது ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது. தும்பு மாதிரி, தூசி மாதிரிகூடத் தெரியாது. அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. யார் கூட வருகிறது என்று அவர்களுக்கும் சொல்வதில்லை. நானும் ரொம்ப நாள், நான் மருந்து கொடுக்கக் கூட்டிப்போனேனே அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறு என்னவோ நினைத்தேன். பெரியவர்களுக்கும் இதெல்லாம் சட்டென்று விளங்குவதில்லை. உன் அப்பா சொன்னதை நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். அவர் வேறு எதையோ சொல்லியிருப்பார். அதை இனி நினைக்காதே. அத்தை சொல்கிறேன்.

ராஜு இப்போது இரும்புச் சப்பாத்து போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து மூன்று எட்டு வைக்கிறான். நாலாவது எட்டில் உட்கார்ந்துவிடுகிறான். நாங்கள் யாரும் அவனை அதட்டுவதில்லை. ஜைனப் மாமியின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று கை தட்டுகின்றன. முந்தாநாள் அவன் மறுபடி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். யாரை என்று உனக்கே தெரியும்.

உனக்கு ஏப்ரலில் பள்ளிக்கூட லீவு வரும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. கிளினிக்கில் கேட்டுவைத்திருக்கிறேன், மறுபடி மருந்து கொடுக்கும்போது நீயும் குடிக்கலாமாம். இனிப்பாகத்தான் இருக்கும்.

உன் அப்பாவுக்குத் தனியாக எழுத எனக்கு வரவில்லை. நேரில் பார்த்தால் என்ன பேசுவேன் என்றும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. அத்தை அவரையும் வரச் சொன்னாள் என்று சொல்.

உன்
அத்தை